உபவாச நாளில் ஒன்பது வேளை

பிப்ரவரி 2, திங்கள்

மூன்று பெண்களை நான் வேலையை விட்டு விரட்டிவிட்டேன் என்று செலின் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது தவறு. முதலில் வந்தவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. இரண்டாவதாக வந்தவளுக்கு மீன் வாடை ஆகவில்லை; தூத்துக்குடியில் அதற்கு நான் என்ன செய்ய முடியும்? மூன்றாவதாக வந்தவளை மட்டும்தான் நான் அனுப்பினேன். அவள் என் பல் துலக்கும் பிரஷ்ஷால் வாஷ்பேசினைத் தேய்த்தாள். செலின் என் கணவரின் தங்கை என்பதால் அவள் சொல்வதை எல்லோரும் நம்புகிறார்கள். ஆகவே உண்மையை இங்கே எழுதி வைக்கிறேன்.

இன்று நான்காவது பெண் வந்தாள். பெயர் சண்முகக்கனி. குறுக்குச்சாலை கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிறாள். நாற்பது வயது இருக்கும். பையைக் கீழே வைப்பதற்கு முன்பே போனை எடுத்துக்கொண்டு என் தோளோடு தோளாக வந்து நின்றாள்.

"கொஞ்சம் சிரிங்கம்மா."

"எதுக்கு?"

"நான் வந்துட்டேன்னு ஆபீசுக்குக் காட்டணும்."

"நீ வந்ததுக்கு நான் எதுக்குச் சிரிக்கணும்?"

அவள் சற்று யோசித்தாள். "சிரிக்காட்டியும் பரவால்லம்மா. முறைச்ச மாதிரி இருந்தாலும் அது ஏத்துக்கிடும்."

முறைத்தேன். ஏற்றுக்கொண்டது.

என் இடுப்பில் அக்டோபரில் ஆபரேஷன் நடந்ததிலிருந்து இந்த ஏற்பாடு. கோயில் படியில் விழுந்தேன். படியில் மழைத்தண்ணீர் கிடந்தது. சென்னையிலிருந்து என் மகள் லிடியா வந்து, வீட்டுப் பராமரிப்புக்கு ஆள் அனுப்பும் நிறுவனம் ஒன்றைப் பிடித்து, பணமும் அவளே கட்டுகிறாள். போகும்போது ஒரு நிபந்தனை வைத்தாள். "இன்னொரு தடவை விழுந்தா வீட்டைப் பூட்டிட்டு என்கூட வந்துடணும் மம்மி." அவள் இருப்பது பதினோராவது மாடி. ஜெரால்டும் நானும் கட்டிய வீடு இது. அவர் போன பிறகும் ஒன்பது வருடமாக நான் இங்கேதான் இருக்கிறேன். சரி என்று தலையாட்டினேன். நான் இனி விழப்போவதில்லை என்பதால் அதில் கஷ்டம் ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்

கனி எடுக்க வேண்டிய படங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வந்ததும் என்னோடு ஒன்று. சாப்பாடு நிறைந்த தட்டும் நானும், பிறகு காலித் தட்டும் நானும், மூன்று வேளையும். மாத்திரை நாக்கில் இருக்கும்போது. குளித்து முடித்து ஈரத்தலையோடு. வாக்கரைப் பிடித்து நடக்கும்போது. மதியம் தூங்கும்போது. மீன் ஏலத்தில் சுறாவைக்கூட இத்தனை பக்கம் திருப்பிப் பார்க்க மாட்டார்கள்.

நேரம் வந்ததும் அவள் போனில் மணி அடிக்கிறது. அப்போது எந்த வேலையில் இருந்தாலும் அதை விட்டுவிட்டுப் படம் எடுக்க வேண்டும். இன்று நாற்காலியிலிருந்து என்னைத் தூக்கிவிடும்போது அடித்தது. அவளுடைய ஒரு கை என்னை விட்டுவிட்டு இடுப்பில் செருகியிருந்த போனுக்குப் போனது. அந்தக் கையைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

குழம்பு நன்றாக வைக்கிறாள். புளி மட்டும் கொஞ்சம் அதிகம்.

பிப்ரவரி 5, வியாழன்

மாத்திரைப் படத்துக்கு நாக்கை நீட்ட மறுத்ததால் நிறுவனத்தின் மேனேஜர் போன் செய்தார். பெயர் நவநீதன். குரல் மரியாதையாகத்தான் இருந்தது.

"பாட்டிம்மா, எப்படி இருக்கீங்க?"

"நான் உங்க பாட்டி இல்லை. மிஸஸ் மச்சாது."

"சாரி மேடம். போட்டோவுக்கு நீங்க ஒத்துழைக்கறதில்லைன்னு சிஸ்டம் காட்டுது."

"மாத்திரை போட்டாச்சு. வேணும்னா அட்டையை எண்ணிக்கோங்க."

"அதில்லை மேடம். உங்க பேருக்கு நேரா பச்சைப் புள்ளி விழணும். படம் வரலைன்னா சிவப்பு."

"என் பேருக்கு நேரா எதுக்கு? வேலை பார்க்கிறது அவள்."

அவர் சிரித்தார். "அவங்க வேலையே நீங்கதானே மேடம்."



பிப்ரவரி 8, ஞாயிறு

வேலை செய்பவர்களைக் கண்காணிக்கக் கூடாது என்று சொல்லும் ஆள் நான் இல்லை. கான்வென்ட் படிப்பை முடித்ததும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்து சூப்பர்வைசராக ஓய்வு பெற்றவள். வரிசையாக உட்கார்ந்து ட்ரங்க் கால் இணைக்கும் பெண்களின் லைனில் நுழைந்து கேட்பது என் வேலையில் ஒரு பகுதி. நான் நுழைந்தால் சத்தம் லேசாகக் குறையும், அவர்களுக்குத் தெரிந்துவிடும். "மேடம் வந்தாச்சு" என்று பக்கத்துப் பெண்ணின் காலை உதைத்துச் சொல்வார்கள். அதுவும் எனக்குத் தெரியும். யாராவது சந்தாதாரரிடம் எரிந்து விழுந்தால் அவள் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று நேருக்கு நேராகச் சொல்வேன். அவளும் முகத்துக்கு நேராகப் பதில் சொல்வாள். சிலசமயம் அவள் சொன்னதே சரியாக இருக்கும்.

ஆனால் பம்பாய்க்குப் பேசிய வியாபாரியைக் கூப்பிட்டு, உங்களுக்குக் கால் கிடைத்ததற்கு அத்தாட்சியாக வாயைத் திறந்து காட்டுங்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

காலைத் தட்டுக்கு மட்டும் நின்றேன். மற்றதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கொடியில் துணி காயவில்லை, ஈரக்காற்று.

பிப்ரவரி 11, புதன்

செலின் வந்தாள். கையில் மஸ்கோத் அல்வாப் பொட்டலம், முகத்தில் அக்கறை.

"மைனி, இப்படி மெலிஞ்சு போனீங்களே."

"நீ என்னைப் பார்த்து ரெண்டு மாசம் ஆச்சு. எப்போ மெலிஞ்சேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தெனமும் பாக்குறேனே! லிடியா குரூப்புல போடுறாள்ளா. நேத்து நீங்க வாயைத் திறந்துட்டுத் தூங்குனதைப் பார்த்து துபாய்ல இருந்து எம் மவன் ராயன் கேட்கான், மாமிக்கு மூச்சு விடக் கஷ்டமா இருக்கான்னு."

போனை வாங்கிப் பார்த்தேன். நான்தான். எங்கள் குடும்பத்தில் இருபத்தெட்டுப் பேர் அதைப் பார்த்திருக்கிறார்கள். சிலர் கைகூப்பும் பொம்மை போட்டிருக்கிறார்கள், நான் செத்துப் போனதுபோல.

செலின் போன பிறகு கனியைக் கூப்பிட்டேன்.

"தூங்கும்போது என்னைக் கேட்காம எடுத்திருக்கே."

"தூங்கும்போது எப்படிம்மா கேக்கது?"

பிறகு நினைத்துப் பார்த்தேன். படத்தில் போர்வை என் கழுத்துவரை நேராக இழுத்துவிடப்பட்டிருந்தது. நான் அப்படிப் போர்த்திக்கொள்வதில்லை. தலைமாட்டு மேசையில் எப்போதும் இருக்கும் டம்ளரையும் படத்தில் காணோம். தூங்கும் முன் கழற்றி அந்த டம்ளரில் நான் எதைப் போடுவேன் என்பதை இங்கே எழுதத் தேவையில்லை. அதை அவள் நகர்த்தி வைத்துவிட்டுத்தான் எடுத்திருக்கிறாள்.

அவள் மேல் இருந்த கோபம் இடம் மாறியது. இனி ஒரு படத்துக்கும் நிற்பதில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

லிடியாவுக்குப் போன் செய்தேன்.

"மம்மி, அது ஃபேமிலி குரூப். எல்லாரும் நீ எப்படி இருக்கேன்னு கேக்கறாங்க."

"எனக்குப் போன் போட்டுக் கேக்கட்டும்."

"யாருக்கு மம்மி டைம் இருக்கு? காலைல எழுந்ததும் நான் அந்தப் பச்சையைத்தான் பார்க்கறேன். பச்சையா இருந்தா நிம்மதியா வேலைக்கு உட்கார்றேன். ஒரு நிமிஷம் இரு, மவுசை ஆட்டிட்டு வரேன்."

"எதுக்கு?"

"கொஞ்ச நேரம் அசையலைன்னா என் பேரு மஞ்சளாயிடும். மேல இருக்கறவருக்குத் தெரியும்."

"பெரிய உத்தியோகம்னு சொன்னே."

"பெரிய உத்தியோகம்தான் மம்மி. எனக்குக் கீழ இருக்கறவங்க மஞ்சளானா எனக்குத் தெரியும். நான் மஞ்சளானா அவருக்குத் தெரியும்."

"அவர் மஞ்சளானா?"

"விடு மம்மி."

சாப்பிட்டாயா என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்றாள். நம்பினேன். படம் கேட்கவில்லை.

தூங்கும் படத்தைக் குரூப்பிலிருந்து எடுத்துவிட்டதாகச் சொன்னாள். கனி படம் எடுப்பதை நிறுத்த மாட்டேன் என்றும் சொன்னாள்.

பிப்ரவரி 14, சனி

மதியம் கனி சமையலறையில் யாரோடோ மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள். அவள் அக்கா என்று பிறகு தெரிந்தது. ஒட்டுக்கேட்பது என் பழக்கமில்லை. கதவு திறந்திருந்தது.

"சிவப்பா விழுதுக்கா. இந்த வாரமும் இப்படியே போச்சுன்னா ராஜபாளையத்துல தங்கி பாக்குற டூட்டிக்கு மாத்திருவாவளாம். பிள்ளைக்கு அடுத்த மாசம் பிளஸ் டூ பரிச்சை. நான் அங்க போய் உக்காந்தா இவள யாரு பாப்பா? முடியாதுன்னா வேலையை விட்டு நின்னுக்கோன்னு சொல்லுதாவ."

கூப்பிட்டேன். "ஏன் என்கிட்ட சொல்லலை?"

"சொன்னா எனக்காவ நீங்க நிப்பியம்மா. மனசில்லாம நிக்க வேண்டாம்."

"சிவப்பு விழுறது என்னால."

"ஆமாம்மா," என்றாள். மழுப்பாமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

பிப்ரவரி 17, செவ்வாய்

நாளை சாம்பல் புதன், தவக்காலம் தொடங்குகிறது. அலமாரியை ஒழுங்குபடுத்தினோம்.

இந்த வீட்டின் சுவர்கள் பழைய கனமான சுவர்கள். உள்ளே போனில் பேசலாம்; படம் அனுப்பும் அளவுக்குச் சிக்னல் வருவதில்லை. படங்களை அனுப்பக் கனி வாசல் கேட் வரை போகிறாள். இப்படிப்பட்ட வீடுகளுக்காக, படத்தை எடுத்து வைத்துவிட்டுப் பிறகு அனுப்பவும் வழி வைத்திருக்கிறார்களாம். அனுப்பும் நேரம்தான் கணக்கு.

"எவ்வளவு பிறகு அனுப்பலாம்?"

"அது கேக்காதும்மா."

"அப்படின்னா ஒரே நாள்ல எல்லாத்தையும் எடு. நான் தலை வாரி, நல்ல புடவை கட்டி, என் இஷ்டத்தோட நிக்கிறேன். அப்புறம் ஞாயிறு வரைக்கும் அந்தப் போனை என் கண்ணுல காட்டாதே."

கனி அலமாரிக் கதவைப் பிடித்தபடி நின்றாள். "தப்பில்லையாம்மா?"

"தப்புதான். யோசனை என்னுடையது. யாராவது கேட்டா அப்படியே சொல்லு."

தேதி போட்டு இங்கேயும் எழுதுகிறேன், பின்னால் யாரும் இந்த யோசனையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக.

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

ஆட்டோவில் காலைத் திருப்பலிக்குப் போய் வந்தோம். கனி வெளியே ஆட்டோவிலேயே இருக்கிறேன் என்றாள். வா என்று உள்ளே கூட்டிப்போய்ப் பின் பெஞ்சில் உட்காரவைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் வேலை தொடங்கியது. முதலில் வியாழக்கிழமைக்கான நீலப் புடவை. தட்டில் இட்லி, படம். இட்லியைக் கனி பாத்திரத்துக்கு மாற்றினாள். காலித் தட்டோடு படம். பிறகு அதே புடவையில் சோறும் மீன் குழம்பும். பிறகு கஞ்சி. தலையில் செம்பால் தண்ணீர் தெளித்து "குளித்த" படம். வெள்ளிக்கிழமைக்குப் பழுப்பு. சனிக்கிழமைக்கு ஜெரால்டு கடைசியாக வாங்கித் தந்த பச்சை.

"அம்மா, காலித் தட்டுக்கு வாயைத் தொடைக்கது மாதிரி செய்யுங்க."

"சாப்பிடாத வாயை எதுக்குத் துடைக்கணும்?"

"நடிப்புன்னு வந்துட்டா முழுசாச் செய்யணும்ல."

தூங்கும் படத்துக்கு வாயை இறுக மூடிக்கொண்டு படுத்தேன். "இது தூங்குத மாதிரி இல்லம்மா, கோவிச்சுக்கிட்டுப் படுத்த மாதிரி இருக்கு" என்று அவள் சிரிக்க, எனக்கும் சிரிப்பு வந்து, அந்தப் படத்தைத் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று.

இந்த வயதில் உபவாசம் கட்டாயமில்லை என்றாலும் நான் விட்டதில்லை. ஒன்பது வேளைச் சாப்பாடு என் முன்னால் வந்து போனது. ஒரு பருக்கை தொடவில்லை. உபவாச நாளில் ஒன்பது வேளை சாப்பிட்ட கத்தோலிக்கப் பெண் இந்த மறைமாவட்டத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும்.

பிப்ரவரி 19, வியாழன்

எல்லாம் பச்சை.

பிப்ரவரி 20, வெள்ளி

மணி அடித்தால் கனி கேட்டுக்குப் போய் எதையோ தட்டிவிட்டு உடனே வந்துவிடுகிறாள். எனக்குக் கைகொடுத்திருக்கும்போது அடித்தால் அடிக்கட்டும் என்று விட்டுவிடுகிறாள். பிறகு போய் அனுப்பினால் போதும். குளிக்கும்போது இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்கிறாள். இதுவரை எனக்குத் தெரியவில்லை, அவளுக்கு இரண்டு கைகள் உண்டு என்று.

பின்கட்டுக்கு இறங்கும் படிகளில் இன்று வாக்கர் இல்லாமல், அவள் தோளைப் பிடித்து இறங்கி ஏறினேன். ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவை. முருங்கையில் பூ விட்டிருக்கிறது. யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பிப்ரவரி 21, சனி

மறுபடியும் படி. கனியின் மகள் உயிரியல் படிக்கிறாளாம். கோயிலுக்கு முருங்கைப்பூவைக் கொண்டுபோக முடியாது என்பது கனிக்கு ஆச்சரியம். "பூன்னா பூதானேம்மா" என்கிறாள்.

பிப்ரவரி 22, ஞாயிறு

லிடியா காலையிலேயே கூப்பிட்டாள். குரல் வேறு மாதிரி இருந்தது.

"மம்மி, நேத்து நெத்தியில என்ன?"

"ஒண்ணுமில்லையே."

"வியாழக்கிழமைப் படத்துல, புதன்கிழமை கோயில்ல நெத்தியில போட்ட சாம்பல் சிலுவை இருக்கு. சரி, அழிக்காம வச்சிருக்கேன்னு நினைச்சேன். வெள்ளிக்கிழமை பழுப்புப் புடவை, அதே சிலுவை, அதே இடத்துல கொஞ்சம் உதிர்ந்தது. சனிக்கிழமை பச்சைப் புடவை. அதே சிலுவை."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். சாம்பல் புதனன்று கண்ணாடி பார்க்கக் கூடாது என்பது கான்வென்ட்டில் எனக்கு வந்த பழக்கம். அன்று தலைகூடக் கண்ணாடி இல்லாமல்தான் வாரினேன். எடுத்த படங்களையும் நான் பார்க்கவில்லை.

ஆனால் கனி? அவள் நாள் முழுக்க என் முகத்தைத்தானே பார்த்துக்கொண்டிருந்தாள்! கேட்டேன்.

"சாம்பலா? பாத்தேம்மா. எங்க ஊர்ல தெனமும்தான் பூசிட்டுத் திரியுதாவ. எனக்கு அது வித்தியாசமாவே தோணல."

கோபப்பட முடியவில்லை. நான் இரண்டு நிமிடம் சிரித்தேன். கனி சிரிக்கவில்லை.

லிடியா நிறுவனத்துக்குப் புகார் எழுதிவிட்டாள்.

பிப்ரவரி 23, திங்கள்

நவநீதன் நேரில் வந்தார். நான் நினைத்ததைவிட இளையவர். நெற்றியில் பளிச்சென்று மூன்று கோடு திருநீறு. மூன்று நாள் அந்தப் படங்களைப் பச்சை என்று ஏற்றுக்கொண்டவர் இவர்தான். அதை நான் சுட்டிக்காட்டவில்லை. சுட்டிக்காட்டியிருக்கலாம்.

கனியை நிற்கவைத்தே பேசினார். உட்காரச் சொன்னேன், அவள் உட்காரவில்லை.

"வயசானவங்களை மிரட்டிப் புடவை மாத்த வச்சிருக்கீங்க. சாப்பாடு குடுத்தீங்களா இல்லையான்னே தெரியலை."

"மிஸ்டர் நவநீதன், யோசனை என்னுடையது."

"மேடம், நீங்க நல்லவங்க. பாசத்துல சொல்றீங்க."

"பாசம் இல்லை. உண்மை. எழுதிக்கோங்க."

அவர் கையிலிருந்த போனில் எதையும் தட்டவில்லை. "இந்த ஃபார்ம்ல பேஷண்ட் சொல்றதுக்கு இடம் இல்லை மேடம்" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே இல்லை போலிருக்கிறது.

கனியை இன்றோடு நிறுத்திவிட்டார்கள். விசாரணை முடியும்வரை வேறெங்கும் அனுப்பவும் மாட்டார்களாம். போகும்போது என் மாலை மாத்திரையை எடுத்து வைத்துவிட்டுப் போனாள்.

பிப்ரவரி 24, செவ்வாய்

புதுப் பெண் வந்தாள். பிரியங்கா. சின்னப் பெண், நல்ல பெண், பயந்த பெண். எல்லாப் படத்துக்கும் நின்றேன். நான் மறுத்தால் இவளுக்கும் சிவப்பு விழும்.

செலின் போனில்: "நல்ல காலம் மைனி. மறதி இருக்கவங்களை எப்படியெல்லாம் ஏமாத்துறாளுவ!" எனக்கு மறதி இல்லை என்றேன். "ஆமா மைனி" என்று, குழந்தையிடம் சொல்வது போலச் சொன்னாள்.

பிப்ரவரி 26, வியாழன்

குளியலறையில் கால் லேசாக வழுக்கியது. விழவில்லை, உட்கார்ந்தேன். எழுந்திருக்கக் கொஞ்சம் நேரமாயிற்று. பிரியங்கா அழுதாள். அழாதே, யாரிடமும் சொல்லாதே என்றேன். தலை வாரிவிட்டு ஈரத்தலைப் படம் எடுத்தாள்.

எல்லாம் பச்சை.

பிப்ரவரி 27, வெள்ளி

நாற்காலி சரியில்லை. தலையணை வைத்துக்கொண்டேன்.

மார்ச் 1, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. டி.வி.யில் திருப்பலி பார்த்தேன்.

லிடியா சந்தோஷமாகப் பேசினாள். "பார்த்தியா மம்மி, இந்த வாரம் ஒரு சிவப்புகூட இல்லை. நான் நிம்மதியா இருக்கேன்." அவள் நிம்மதியாக இருப்பது எனக்கும் நல்லதுதான்.

மார்ச் 2, திங்கள்

கனி தன் டிபன் பாக்ஸை எடுத்துப்போக வந்தாள். பிரியங்கா கதவைத் திறந்தாள். நான் எழுந்திருக்கவில்லை. எழுந்து வரவேற்காததற்குக் காரணம் சொல்ல யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவள் என் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எந்தப் பக்கம்மா?"

"என்ன எந்தப் பக்கம்?"

"விழுந்தியள்ளா. எந்தப் பக்கம்?"

"உட்கார்ந்தேன்."

அவள் என் புடவை நுனியைக் கூடத் தொடவில்லை. முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரியங்கா கதவோரம் நின்று, "பெல் அடிச்சுதுக்கா, சிக்னலுக்கு கேட்டுக்குப் போனேன், வரதுக்குள்ள" என்று சொல்லி நிறுத்தினாள்.

"நீ செஞ்சது தப்பில்ல பிள்ள" என்றாள் கனி. "நானும் அப்படித்தான் ஓடுவேன்."

விசாரணை என்ன ஆயிற்று என்று கேட்டேன். முடிந்துவிட்டதாம். முதியவரை ஏமாற்றியவள் என்று பதிந்துவிட்டார்கள். வேறு இரண்டு இடத்தில் வேலை கேட்டுப் போனாளாம்; இரண்டு இடத்திலும் பழைய நிறுவனத்துக்குப் போன் செய்து விசாரித்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்றார்களாம்.

"நான் எழுதுறேன்," என்றேன். "நீ இருந்தப்போ படம் எல்லாம் பொய், நான் நல்லா இருந்தேன். இவ வந்தப்போ படம் எல்லாம் நெசம், நான்..."

"எழுதாதியம்மா." அவள் குரல் உயர்ந்ததை இன்றுதான் கேட்டேன். "எழுதினா லிடியாம்மா உங்களை மெட்ராசுக்குக் கூட்டிட்டுப் போயிருவாவ. எனக்கு வேற வேல கெடைக்கும். உங்களுக்கு வேற வீடு கெடைக்காது."

"உனக்குக் கிடைக்கலைன்னு இப்பத்தானே சொன்னே?"

"கெடைக்கும்."

"பொய் சொல்லாதே. அது உனக்கு வரலை."

அவள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டாள். கதவுவரை போய்த் திரும்பி, "எக்ஸ்ரே எடுங்க. எனக்காவ இல்ல" என்றாள்.

மார்ச் 3, செவ்வாய்

இன்று பதிவுத் தபாலில் அனுப்பும் கடிதத்தை இங்கே பிரதி எடுக்கிறேன். ஒரு பிரதி லிடியாவுக்கும் போகிறது. எழுதும்போது இரண்டு இடங்களில் பேனாவை வைத்துவிட்டு எழுந்து நடக்க நினைத்தேன்; முடியவில்லை என்பதால் உட்கார்ந்தே முடித்தேன்.

நிர்வாக இயக்குநர் அவர்களுக்கு,

ஐயா,

உங்கள் ஊழியர் சண்முகக்கனி என்னை ஏமாற்றியதாகப் பதிவு செய்திருக்கிறீர்கள். அது தவறு. மூன்று நாட்களுக்கான படங்களை ஒரே நாளில் எடுக்கச் சொன்னது நான். புடவைகளைத் தேர்ந்தெடுத்ததும் நான். அவர் தவறா என்று கேட்டார். தவறுதான் என்று தெரிந்தே நான் செய்யச் சொன்னேன். எனக்கு மறதி நோய் இல்லை. சந்தேகம் இருந்தால் எந்த மருத்துவரையும் அனுப்பிச் சோதிக்கலாம்.

உங்கள் ஆட்களின் வேலையை நீங்கள் கவனிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நானும் அந்த வேலை பார்த்தவள். ஆனால் நீங்கள் கவனிப்பது படத்தை. வேலையை அல்ல.

பிப்ரவரி 19, 20, 21 தேதிகளில் உங்கள் திரையில் விழுந்த பச்சைப் புள்ளிகள் அனைத்தும் பொய். அந்த மூன்று நாட்களும் நான் வேளாவேளைக்குச் சாப்பிட்டேன், பத்திரமாகக் குளித்தேன், ஆபரேஷனுக்குப் பிறகு முதல்முறையாகப் படி இறங்கி ஏறினேன். ஏனென்றால் அந்தப் பெண்ணின் இரண்டு கைகளும் எனக்குக் கிடைத்தன.

பிப்ரவரி 26 அன்று விழுந்த பச்சைப் புள்ளிகள் அனைத்தும் உண்மை. அன்று காலை குளியலறையில் நான் விழுந்தேன். கேட்டவரிடம் உட்கார்ந்தேன் என்று சொன்னேன். என் நாட்குறிப்பிலும் அப்படியே எழுதினேன். நான் உட்காரவில்லை. ஆபரேஷன் செய்த இடது பக்கமாகவே விழுந்தேன். ஈரத்தரையில், ஆடை சரியாக இல்லாமல், எழுந்திருக்க முடியாமல் கிடந்தேன். அப்போது உங்கள் மணி அடித்திருந்தது. இப்போது இருக்கும் பெண் சிக்னலுக்காக வாசல் கேட்டில் நின்றிருந்தார். போகாவிட்டால் சிவப்பு விழும். அவர் மேல் தவறு இல்லை. வெளியே சொல்லக் கூடாது என்று நான்தான் அவரைக் கட்டாயப்படுத்தினேன். அவரை நீங்கள் தண்டித்தால் அதற்கும் இதேபோல் கடிதம் வரும்.

அதன் பிறகு எடுத்த ஈரத்தலைப் படம் உங்களிடம் இருக்கிறது. தயவுசெய்து எடுத்துப் பாருங்கள். நன்றாகத்தான் இருக்கிறேன்.

நாளை எக்ஸ்ரே எடுக்கப் போகிறேன். நான் மறுபடி விழுந்தால் என்ன நடக்கும் என்று என் மகள் ஏற்கனவே சொல்லியிருக்கிறாள். அதை அவளும் நானும் பேசிக்கொள்வோம். நான் இந்த வீட்டிலேயே இருக்கிறேன் என்றுதான் சொல்வேன். அவள் என்ன சொல்வாள் என்று தெரியாது. எதுவானாலும், என் வீட்டைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு பெண்ணின் நல்ல பெயரை நான் விலையாகக் கொடுக்க மாட்டேன்.

சண்முகக்கனியின் பெயரில் நீங்கள் எழுதியதை நீக்க வேண்டும். அவருக்குச் சம்மதமானால் அவரை என் வீட்டுக்கே அனுப்ப வேண்டும். அவர் வேலையைப் பார்க்க உங்கள் ஆள் எந்த நாளிலும், முன்னறிவிப்பு இல்லாமல், வந்து கதவைத் தட்டலாம். அவர் முன்னாலேயே என்னைக் கேட்கலாம். சரியாகச் செய்தால் சரி என்பேன். செய்யாவிட்டால் அதையும் சொல்வேன். புளி அதிகம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் இனி என் முகத்தைப் படம் எடுக்க அனுமதி இல்லை.

உங்கள் மேனேஜர் தொலைபேசியில் அழைத்து அன்பாகப் பேச வேண்டாம். இந்தக் கடிதத்துக்கு உங்கள் பதிலை எழுத்தில், உங்கள் கையெழுத்துடன் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.